முகப்பும் பின்கட்டும்: மலாயாவில் ஆங்கிலேயப் பண்ணை மாளிகை

1. கேள்வி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து தேசிய அருங்காட்சியகத்தைத் தாண்டி ஏரிப் பூங்காவுக்குள் நுழைந்தால், உள்ளே ஒரு குன்றின் மேல் கார்கோசா மாளிகை நிற்கிறது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் குடியிருக்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் எழுப்பிய வீடு அது. சுற்றுலாக் கையேடுகளும் பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிய நூல்களும் அதை டியூடர் சாயலும் கோதிக் சாயலும் கலந்த ஆங்கிலேய மாளிகை என்றே அறிமுகப்படுத்துகின்றன. பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகே பாதியில் நின்றுபோன கெல்லி மாளிகையை அதே நூல்கள் மூரிய வளைவுகள் கொண்ட ஒரு விசித்திரக் கோட்டையாகக் காட்டுகின்றன. முதலாவது ஆங்கிலேயத்தன்மைக்கு எடுத்துக்காட்டு, இரண்டாவது ஒரு தனிமனிதரின் கனவு என்பது பொதுவாக நிலவும் பாகுபாடு.

இந்தப் பாகுபாடு சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பண்ணை மாளிகை எந்த அடிப்படையில் இயங்கியது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டு, அந்த அளவுகோலால் இவ்விரு வீடுகளையும் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், பண்ணை மாளிகை என்ற தகுதிக்கு நெருங்கி வருவது மூரிய வளைவுகளை அணிந்த கெல்லி மாளிகைதான். டியூடர் முகப்பைக் கொண்ட கார்கோசா அல்ல. இதை நிறுவ, முகப்பைவிடப் பின்கட்டையே அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

2. இங்கிலாந்தில் பண்ணை மாளிகை

நம் ஊர்ப் பண்ணையார் வீட்டை அறிந்தவர்களுக்கு ஆங்கிலேயப் பண்ணை மாளிகையின் அடித்தளம் புதிதல்ல. அது வெறும் பெரிய வீடு அன்று. ஒரு நில உரிமையின் தலைமையிடம். சுற்றியிருந்த வயல்களின் குத்தகை அங்கே வந்து சேர்ந்தது. குடியானவர்களின் வழக்குகளைப் பண்ணை மன்றம் விசாரித்தது. வீட்டின் உருவம் இந்த அதிகாரத்திலிருந்து பிறந்தது.

டார்பிஷயரிலுள்ள ஹேடன் மாளிகை போன்ற இடைக்கால வீடுகளில் நடுநாயகமாக இருந்தது பெருங்கூடம். பிரபுவும் அவருடைய ஆட்களும் ஒரே கூரையின்கீழ் உண்ட இடம் அது. கூடத்தின் ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் மரத்தட்டி. தட்டிக்குப் பின்னால் சமையலறைக்கும் சரக்கறைக்கும் போகும் இடைவழி. யார் எங்கே உட்காரலாம் என்பதைத் தரையின் மேடுபள்ளமே சொல்லிவிடும். ஆனால் எல்லோரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிந்தார்கள்.

17ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு மாறியது. ரோஜர் பிராட் வடிவமைத்த கோல்ஸ்ஹில் மாளிகையில் பணியாளர்களின் உணவுக்கூடம் அடித்தளத்துக்கு இறங்கியது. அவர்கள் ஏறி இறங்கத் தனிப் பின்படிகள் வந்தன. பின்னர் கம்பியால் இழுக்கும் மணிகள் பரவியபோது, பணியாளரைக் கூப்பிடு தொலைவில் நிறுத்திவைக்க வேண்டிய தேவையும் அற்றுப்போனது. 1864இல் ராபர்ட் கெர் எழுதிய ‘கனவானின் வீடு’ என்ற நூல் இந்தப் பிரிவினையை வடிவமைப்பு விதியாகவே வகுத்தது. குடும்பம் ஒரு சமூகம், பணியாளர்கள் இன்னொரு சமூகம். ஒருவர் நடமாட்டம் மற்றவர் கண்ணிலோ காதிலோ படக்கூடாது என்பது அதன் சாரம்.

ஆக, இந்த வீட்டு வகைக்கு மூன்று அடையாளங்கள் தேறுகின்றன. ஒன்று, வீட்டைத் தாங்கும் நிலமும் அதில் உழைப்போரும். இரண்டு, தலைமுறை தலைமுறையாக வாரிசுகளுக்கு விட்டுச்செல்லும் நோக்கம். மூன்று, உரிமையாளரையும் பணியாளரையும் பிரிக்கும் உள்ளமைப்பு. கூர்முகட்டுக் கூரையும் மரச்சட்டச் சுவரும் இவற்றின் மேல் வந்து படிந்தவை. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அவை மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

3. இதுவரையிலான பார்வைகள்

இத்தகைய வீடுகளை ஆராய்ந்தவர்களை இரு தரப்பாகப் பிரிக்கலாம். முதல் தரப்பு பாணியைக் கொண்டு வகைப்படுத்துகிறது: டியூடர், கோதிக், இந்தோ-சாரசனிக் என்று. மலேசியாவில் பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வழியில் போகின்றன. ஒரு கட்டடத்தை அடையாளம் காண இம்முறை உதவும். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு விடை தராது.

இரண்டாம் தரப்பு வாழ்க்கைமுறையிலிருந்து தொடங்குகிறது. மார்க் ஜிரோவார்ட் 1978இல் வெளியிட்ட ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகை வாழ்க்கை பற்றிய நூல், அறைகளின் வரலாற்றை அவற்றில் நடமாடியவர்களின் வரலாறாக எழுதியது. வங்காளத்துக் குடியிருப்பு வடிவம் ஒன்று ஐரோப்பியரின் கையில் பங்களாவாகி உலகெங்கும் பரவிய கதையை ஆந்தனி கிங் 1984இல் விரிவாக எழுதினார். இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படித்தால் மலாயாவின் பெரிய வீடுகள் இருவழிப் பிறப்பு என்பது தெரிகிறது. முகம் இங்கிலாந்திலிருந்து வந்தது. உடற்கட்டு இந்தியாவிலிருந்து வந்தது.

எனினும் இந்த இரண்டாம் தரப்பிலும் ஒரு குறை உண்டு. வீட்டில் வாழ்ந்தவர்களும் பணிபுரிந்தவர்களும் அதில் வருகிறார்கள். சுவரை எழுப்பியவர்கள் போதிய அளவு வருவதில்லை. மலாயாவைப் பொறுத்தவரை இது சிறிய குறை அன்று.

4. கார்கோசா: டியூடர் சட்டை

சுவெட்டன்ஹாம் 1896இல் தலைமை ரெசிடெண்ட் ஆனார். கார்கோசாவின் கட்டுமானம் அவ்வாண்டில் தொடங்கியது. ஆல்பிரட் வென்னிங்கின் முயற்சியில் 1880களின் இறுதியில் உருவான ஏரிப் பூங்காவின் குன்று இதற்கெனத் தேர்வாயிற்று. வடிவமைப்பு சிலாங்கூர் பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் ஏ.சி. நார்மனுடையது என்றே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. வீட்டின் பெயரை சுவெட்டன்ஹாம் ராபர்ட் சேம்பர்ஸின் 1895ஆம் ஆண்டுக் கதைத்தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இங்கே கவனிக்கத்தக்கது காலப்பொருத்தம். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், 1894க்கும் 1897க்கும் இடையில், இன்று சுல்தான் அப்துல் சமாத் கட்டடம் எனப்படும் அரசுச் செயலகமும் எழுந்தது. அதன் வடிவமைப்பில் நார்மனுக்கும் ஆர்.ஏ.ஜே. பிட்வெல்லுக்கும் பங்குண்டு. இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்த மாநிலப் பொறியாளர் சி.இ. ஸ்பூனரின் விருப்பப்படி அதற்குக் குவிமாடங்களும் குதிரைலாட வளைவுகளும் வந்து சேர்ந்தன. மக்கள் பார்வையில் நிற்கும் அலுவலகத்துக்கு இஸ்லாமியச் சாயல். மரங்களுக்கு நடுவே ஒதுங்கிய குடியிருப்புக்கு டியூடர் சாயல். ஒரே துறை, ஒரே பத்தாண்டு, இரண்டு உடைகள். பாணி என்பது இங்கே மரபின் தொடர்ச்சியாக வரவில்லை. யார் பார்வைக்கு எது தேவை என்ற கணக்கில் வந்தது.

உள்ளமைப்பு வேறு கதை சொல்கிறது. விரிந்த வராந்தா, உயர்ந்த கூரை, வண்டி வந்து நிற்கும் முகமண்டபம், காற்று ஊடாடும் திறப்புகள் ஆகியவை பங்களாவின் கூறுகள். இங்கிலாந்து மாளிகை வெயிலை உள்ளே அழைக்க அகன்ற சன்னல் வைத்தது. மலாயா மாளிகை வெயிலைத் தடுக்கத் தாழ்வாரத்தை நீட்டியது. அதைவிடப் பெரிய மாற்றம் பின்கட்டில் நேர்ந்தது. மலாயாவின் அரசுக் குடியிருப்புகளில் சமையலறையும் பணியாளர் விடுதியும் பெரும்பாலும் தனிக் கட்டடங்களாகி, கூரையிட்ட நடைவழியால் மட்டும் வீட்டோடு இணைந்தன. தீ, புகை, வெப்பம் பற்றிய அச்சம் இதற்கு ஒரு காரணம். ஆனால் கெர் சொன்ன பிரிவினை இங்கே இனப் பிரிவினையாகவும் ஆனது என்பதை மறுக்க முடியாது. அடுப்படியில் ஹைனானியச் சமையல்காரர், தோட்டத்தில் தமிழர், வண்டியோட்ட மலாய்க்காரர் என்ற பங்கீடு அக்கால வெள்ளையர் வீடுகளில் பரவலாகக் காணப்பட்டது. இங்கிலாந்தில் பின்படிக்கட்டு செய்த வேலையை இங்கே முற்றம் செய்தது.

முதல் இரண்டு அடையாளங்கள்? கார்கோசாவுக்குக் குத்தகை நிலம் இல்லை. அதைத் தாங்கியது அரசுக் கருவூலம். வாரிசுக்கு விட்டுச்செல்லும் வழியும் இல்லை. பதவி மாறினால் குடியிருப்பவரும் மாறினார். பக்கத்துக் குன்றிலுள்ள கிங்ஸ் ஹவுஸ், இன்றைய ஸ்ரீ நெகாரா, ஆளுநர் வந்தால் தங்குவதற்கானது. 1948 ஜனவரி 21இல் மலாயா கூட்டரசு ஒப்பந்தம் அங்குதான் கையெழுத்தானது. 1956இல் துங்கு அப்துல் ரகுமான் கார்கோசாவைப் பிரிட்டிஷ் அரசுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அது உயர் ஆணையரின் இல்லமாயிற்று. 1987இல் மலேசியாவிடம் திரும்பி வந்தது. இரு மாளிகைகளும் சேர்ந்து 13 அறைத்தொகுப்புகள் கொண்ட விடுதியாயின. 1989 அக்டோபரில் காமன்வெல்த் மாநாட்டுக்கு வந்த எலிசபெத் ராணி அங்கே தங்கினார். அரசிடமிருந்து அரசுக்குக் கைமாறிய இந்த வரலாறு ஓர் அரசாங்க இல்லத்தின் வரலாறு. பண்ணை மாளிகையின் முகம் மட்டுமே அதற்கு இருந்தது.

5. செங்கல், சுண்ணாம்பு, கை

1881ஆம் ஆண்டு கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டவேண்டும் என்று, 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்ட்டாக வந்த சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். காப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே செங்கல் தொழிலுக்கு நிலம் ஒதுக்கினார். பிரிக்பீல்ட்ஸ் பிறந்தது அந்தக் களிமண்ணில்தான். 1886இல் கிள்ளான் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபின், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்கள் ரயில்வே ஊழியர்களாக இங்கே குடியேறினார்கள். இலங்கைத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் அரசுத் துறைகளில் அமர்ந்தார்கள்.

அரசுச் செயலகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் செங்கற்கள் தேவைப்பட்டன என்று குறிப்புகள் சொல்கின்றன. ஆகவே குன்றின் மேலுள்ள மாளிகைக்கும் பள்ளத்திலுள்ள சூளைக்கும் உறவு தேடுவது இயல்பு. ஆனால் இங்கே நிதானம் வேண்டும். சூளைகளின் உடைமை சீனருடையது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோரும் சீனரே. தமிழர் ரயில் பாதையோடும் சாலைப் பணியோடும் வந்தவர்கள். இன்று பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பகுதியாக இருப்பதால் அதன் செங்கல்லையும் தமிழரே அறுத்தார்கள் என்று பின்னோக்கிச் சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டுக் கைத்திறன் உறுதியாகத் தெரியும் இடம் சுவரின் மேற்பூச்சு. சிங்கப்பூரில் 1850களிலும் 60களிலும் எழுந்த பெரிய கட்டடங்களில் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பயன்பட்டது. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பசையாக இடிப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரில் அதைக் கலப்பார்கள். பூசிக் காய்ந்தபின் பளிங்குக்கல்லால் தேய்த்தால் சுவர் கண்ணாடிபோல மின்னும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு பழக்கமானது.

இவ்வளவு நுணுக்கமாக இது நமக்குத் தெரியவந்தது எப்படி? சிங்கப்பூர் அரசுப் பொறியாளரும் கைதிகள் நிர்வாகப் பொறுப்பாளருமாக இருந்த ஜே.எஃப்.ஏ. மெக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்ததால். இன்று சிங்கப்பூர் அதிபர் மாளிகையாக உள்ள அரசு இல்லத்தை 1867 முதல் 1869 வரை அவர் கட்டியது இந்தியக் கைதிகளைக் கொண்டு. கைதிக்கு எண் உண்டு, வகுப்பு உண்டு, வேலைப் பதிவு உண்டு. அவன் செய்த சாந்தின் செய்முறைகூட அரசின் ஆவணமாகிறது. ஒப்பந்தக் கூலியாக வந்தவனுக்கு ஒப்பந்தக்காரரின் கணக்கில் ஒரு தலை என்பதற்கு மேல் இடம் கிடைப்பது அரிது. சுதந்திரமான உழைப்பைவிடச் சிறைப்பட்ட உழைப்பு நன்கு பதிவாகியிருப்பது காலனியக் கட்டட வரலாற்றின் முரண். சான்றின்மையை உழைப்பின்மையாகப் படித்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய எச்சரிக்கை.

6. கெல்லி மாளிகை: மூரிய உடையில் பண்ணை

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 20 வயதில் மலாயா வந்து, கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் நட்டார், ஈயத்திலும் ஈடுபட்டார். தோட்டத்துக்குப் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். 1909 வாக்கில் ஒரு வீடு கட்டினார். மகன் பிறந்த 1915இல், அதனோடு சேர்த்து ஆறு மாடிக் கோபுரத்துடன் பெரிய மாளிகை ஒன்றைத் தொடங்கினார். அதற்காக மெட்ராஸ் மாகாணத்திலிருந்து எழுபது தொழிலாளர்களை வரவழைத்தார் என்பது அங்கு வழங்கும் வரலாறு.

மூன்று அடையாளங்களையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். வீட்டைத் தாங்கிய நிலம் கண்ணெதிரே இருந்தது. அதில் பால்மரம் வெட்டியவர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் இருந்தார்கள். கோபுரம் ஏறினால் தோட்டம் தெரியும். தோட்டத்திலிருந்து நிமிர்ந்தால் கோபுரம் தெரியும். மகன் பிறந்த ஆண்டில் தொடங்கிய வீடு என்பதால் வாரிசு நோக்கத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. பிறந்த ஊரின் பெயரை நிலத்துக்கு இட்டது, அந்த நிலத்தோடு தன் குலத்தைப் பிணைக்கும் பிரபுவின் செயல். வளைவுகள் எந்த நாட்டுச் சாயலில் இருந்தாலும், வீட்டுக்கும் நிலத்துக்கும் ஆளுக்கும் இருந்த உறவு ஆங்கிலேயப் பண்ணையின் உறவே.

மாளிகை முடியவில்லை. 1918இல் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. மாளிகையின் தொழிலாளர்களும் மாண்டனர். ஸ்மித் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். சொத்து ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மலாயாவின் முதல் மின்தூக்கிக்கென்று விடப்பட்டதாகச் சொல்லப்படும் கூண்டு இன்றும் வெறுமையாக நிற்கிறது. பூச்சு முடியாத சுவர்களில் செங்கல் வரிசை வரிசையாகத் தெரிகிறது. கட்டியவரின் கையை மறைக்கும் கடைசிப் பூச்சு இங்கே விழவில்லை என்பதால், ஆய்வாளருக்கு இது முழுமையடைந்த மாளிகையைவிடப் பயனுள்ள கட்டடம்.

அருகிலுள்ள மாரியம்மன் கோயில் இன்னொரு சான்று. கோயிலின் கூரைச் சிற்பங்களில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒரு துரை நிற்கிறார். ஸ்மித்தின் உருவம்தான் அது என்பது வழக்கு. கோயில் எழுந்ததற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. கொள்ளைநோய் கண்டபோது தொழிலாளர் கேட்டதற்கிணங்கத் துரை கட்டிக்கொடுத்தார் என்பது ஒன்று. ஆண் குழந்தை வேண்டிக் கட்டினார் என்பது மற்றொன்று. முதலாவது 1918ஐ ஒட்டியது. இரண்டாவது 1915க்கு முற்பட்டது. இரண்டும் ஒரே நிகழ்வின் காரணமாக முடியாது. ஆனால் இரண்டு கதைகளிலும் கொடுப்பவர் துரை, பெறுபவர் தொழிலாளர் என்ற அமைப்பு மாறவில்லை. ஆங்கிலேயப் பண்ணைக் கிராமத்துத் தேவாலயங்களில் பிரபுவின் கல்லறைச் சிற்பம் வகித்த இடம் இதற்கு ஒப்பானது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே பிரபு தன் உருவத்தைத் தானே செதுக்கச் சொன்னார். இங்கே துரையை எங்கே நிறுத்துவது என்ற முடிவு, தெய்வங்களின் வரிசையை அறிந்த ஸ்தபதியின் கையில் இருந்தது. மாளிகையில் மேல்மாடியில் இருந்தவர், கோயிலில் அம்மனின் பரிவாரத்தில் ஒருவர்.

7. எதிர்வாதங்கள்

இந்த வாசிப்புக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, ஸ்மித் ஒரு புதுப்பணக்காரர். ஒரு தலைமுறைகூட நிலைக்காத வீட்டைப் பண்ணை மாளிகை என்பது மிகை என்று சொல்லலாம். ஆனால் இங்கிலாந்திலேயே வணிகத்திலும் காலனிகளிலும் ஈட்டிய பணத்தால் எழுந்த நாட்டுப்புற மாளிகைகள் ஏராளம். புதுப்பணம் அந்த வகைக்குப் புறம்பானது அன்று. அதை உயிரோடு வைத்திருந்ததே அதுதான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளரை ஆங்கிலேயக் குடியானவரோடு ஒப்பிட முடியுமா? குடியானவருக்கு நிலத்தில் வழக்குரிமை இருந்தது. தலைமுறைகள் அங்கே வேரூன்றியிருந்தன. லயத்தில் இருந்தவருக்கு வேலை போனால் வீடும் போனது. இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். பண்ணை மாளிகையின் அதிகாரம் மலாயாவுக்கு வந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் குடியானவர்க்கு இருந்த உரிமை வரவில்லை. கெல்லி மாளிகையை முழுமையான பண்ணை மாளிகை என்னாமல், நெருங்கி வருவது என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதனால்தான்.

8. முடிவு

டியூடர் முகப்புள்ள கார்கோசா, பங்களாவின் உடற்கட்டில் அமைந்த அரசாங்கக் குடியிருப்பு. மூரிய முகப்புள்ள கெல்லி மாளிகை, நிலத்தையும் உழைப்பையும் வாரிசையும் ஒன்றாகக் கட்ட முயன்ற பண்ணை மாளிகை. முகப்பைக் கொண்டு வகைப்படுத்தும் வழக்கம் இந்த வேறுபாட்டைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இது வகைப்பாட்டோடு முடியும் விஷயமல்ல. 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தபின் எதைக் காப்பது என்ற முடிவு இத்தகைய வகைப்பாடுகளைச் சார்ந்திருக்கிறது. கார்கோசாவுக்கும் அரசுச் செயலகத்துக்கும் அண்மையில் அரசு முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் வழியாகப் பெரும் சீரமைப்பு நிதி கிடைத்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் பிரிக்பீல்ட்ஸின் ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ இடிபட்டது. அரசு ஊழியர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த அந்த வரிசை வீடுகளுக்குக் கூர்முகடோ குவிமாடமோ இல்லை. நாட்டில் லயங்கள் முறையாக அளந்து வரையப்படுவதற்கு முன்பே மறைந்துவருகின்றன. மாளிகைகளைச் சீரமைப்போர் சமையற்கட்டையும் பணியாளர் விடுதியையும் முகப்புக்குச் சமமாக அளந்து பதிவுசெய்ய வேண்டும். தோட்டங்களில் எஞ்சியிருக்கும் லயங்களின் வரைபடத்தை அரசுக்காகக் காத்திராமல் நம் தமிழ் அமைப்புகளும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் உடனே வரையத் தொடங்க வேண்டும்.